கடைசி பெஞ்சையும் காட்டும் கேமரா: ஒரு சிறு வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

உங்களில் பலர் இன்று சிப்காட் ஆலைகளிலும், எல்லை தாண்டி பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி பக்கமும் வேலை செய்கிறீர்கள். உங்கள் ஆபீசில் ஐந்தாறு பேர் உட்காரும் ஒரு சின்ன அறை இருக்கும். சுவரில் ஒரு பெரிய டி.வி., அதன் கீழே கறுப்பாக நீளமாக ஒரு கருவி. அதிலேயே கேமரா, அதிலேயே மைக், அதிலேயே ஸ்பீக்கர். "டீச்சர், விசி-யில இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று போனை வைக்கிறீர்களே, அந்த விசி. வீடியோ கான்பரன்சிங்.

அந்தக் கறுப்புக் கருவியின் பூர்வீகம் என்ன என்று தேடிப் படித்தேன். அமெரிக்கா, ஜெர்மனி, நார்வே என்று எல்லா ஊரும் வருகிறது. ஆனால் அதன் உள்ளே ஓடும் இரண்டு முக்கியமான கணக்குகளைத் தேடிப் போனால் பாதை பெங்களூருக்கும் சென்னை கிண்டிக்கும் வந்து நிற்கிறது. அந்த இரண்டு ஊர்களையும் இணைக்கிற நெடுஞ்சாலையில்தான் நம் ஜூஜுவாடி சோதனைச்சாவடி இருக்கிறது. அதனால் இதை எழுத எனக்கு உரிமை உண்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் முயற்சிகள்

1927 ஏப்ரல் 7. அமெரிக்காவில் வாஷிங்டனில் உட்கார்ந்து ஹெர்பர்ட் ஹூவர் பேசுகிறார். பிற்பாடு ஜனாதிபதி ஆனாரே, அவர்தான். அன்று வணிகத்துறை அமைச்சர். நியூயார்க்கில் இருந்தவர்கள் அவர் முகத்தையும் பார்த்தார்கள், குரலையும் கேட்டார்கள். பதிலுக்கு ஹூவரால் அவர்கள் குரலைத்தான் கேட்க முடிந்தது, முகத்தைப் பார்க்க முடியவில்லை. படம் ஒரு பக்கம்தான் போனது.

1936-ல் ஜெர்மனியில் பெர்லினுக்கும் லைப்சிக் நகரத்துக்கும் நடுவே பொதுமக்களுக்கே படத்தொலைபேசி வைத்தார்கள். வீட்டிலிருந்து பேச முடியாது. இந்த ஊர்க்காரர் இங்கே உள்ள தபால் நிலையக் கூண்டுக்கும், அந்த ஊர்க்காரர் அங்கே உள்ள கூண்டுக்கும் சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும். நம் காலத்தில் ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டு, "ஆர்டினரியா, அர்ஜென்ட்டா, லைட்னிங்கா" என்று கேட்பார்களே, அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பெஞ்சில் காத்துக் கிடந்தவர்களுக்கு இது புரியும். போர் வந்ததும் அந்தச் சேவை நின்றுபோனது.

1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் "பிக்சர்போன்" என்று ஒன்றைக் காட்டியது. கூட்டம் அலைமோதியது. நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ மூன்று ஊரிலும் அறைகள் திறந்தார்கள். மூன்று நிமிடம் பேச 16 முதல் 27 டாலர். 1970-ல் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஆபீசுகளுக்கே கொண்டுவந்தார்கள். மாதம் 160 டாலர் வாடகை. சில ஆண்டுகளிலேயே கடையைக் கட்டினார்கள்.

ஏன் தோற்றது? விலை ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், நான் வாங்கினால் மட்டும் போதாது, நான் பேச நினைக்கும் ஆளும் வாங்கியிருக்க வேண்டும். ஊரில் ஒருவரிடம் மட்டும் போன் இருந்தால் அவர் யாரிடம் பேசுவார்?

இன்னொரு காரணம் படத்தின் எடை. அதைக் கணக்குப் போட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டும். நோட்டை எடுங்கள்.

ஒரு கணக்கு

இன்று ஹெச்.டி. என்று சொல்கிறோமே, அதில் முழு அளவுப் படம் என்றால் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட். ஒரு நொடிக்கு 30 படம். எல்லாவற்றையும் பெருக்குங்கள். நொடிக்கு ஏறத்தாழ 149 கோடி பிட் வருகிறதா? சரி.

1990-களில் ஒரு நல்ல ஆபீசில் ஐ.எஸ்.டி.என். என்ற லைன் இருக்கும். அதில் நொடிக்கு 1,28,000 பிட்தான் போகும். மூன்று லைனைச் சேர்த்துக் கட்டினாலும் 3,84,000. கிருஷ்ணகிரி அணைத் தண்ணீர் மொத்தத்தையும் இளநீர் உறிஞ்சும் ஸ்ட்ராவில் அனுப்புவது மாதிரி. நடக்காது.

ஆனால் இன்று உங்கள் அறையில் அதே ஹெச்.டி. படம் நொடிக்கு 30 லட்சம் பிட் இருந்தாலே போகிறது. அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு. மீதி 499 பங்கு எங்கே போனது?

"ரொம்ப சுலபமாக இருக்கிறது" என்று தள்ளப்பட்ட யோசனை

நசீர் அகமது 1940-ல் பெங்களூரில் பிறந்தவர். கே.ஆர். சர்க்கிள் பொறியியல் கல்லூரி என்று நம்மூர்ப் பிள்ளைகள் சொல்லும் யு.வி.சி.இ.-யில் 1961-ல் பட்டம் பெற்று அமெரிக்கா போனார். கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1972-ல் அவருக்கு ஒரு யோசனை. படத்தைப் புள்ளி புள்ளியாகச் சொல்லாமல், அலைகளின் கூட்டாகச் சொன்னால் என்ன? பத்தாம் வகுப்பில் படித்தீர்களே, சைன், கொசைன். அந்தக் கொசைன் அலைகள்தான். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டார். நிராகரித்துவிட்டார்கள். விண்ணப்பத்தைப் படித்தவர்களில் ஒருவர், யோசனை அளவுக்கு மீறி எளிமையாக இருக்கிறது என்ற பொருளில் குறிப்பு எழுதியிருந்ததாக அகமதுவே பின்னாளில் ஒரு கட்டுரையில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் விடவில்லை. 1973 கோடை விடுமுறையில் சம்பளம் இல்லாமலே அந்த வேலையைச் செய்தார். உடன் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவருடைய ஆராய்ச்சி மாணவர் டி. நடராஜன். இன்னொருவர் டெக்சாஸில் பேராசிரியராக இருந்த நண்பர் கே.ஆர். ராவ். இந்த ராவ் 1952-ல் நம் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். மூன்று பேரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. நான்கே பக்கம். அந்த முறைக்குப் பெயர் டி.சி.டி.

அது என்ன செய்கிறது என்று கரும்பலகையில் எழுதுவது போலச் சொல்கிறேன். படத்தை 8-க்கு 8 கட்டங்களாக வெட்டுங்கள். ஒரு கட்டத்தில் 64 புள்ளிகள். அந்தக் கட்டம் வெறும் சுண்ணாம்புச் சுவர் என்றால் 64 தடவை "வெள்ளை, வெள்ளை" என்று சொல்வானேன்? "எல்லாம் வெள்ளை" என்று ஒரே எண் போதும். சுவரில் மெல்ல நிழல் சாய்கிறது என்றால் இன்னும் ஓரிரு எண்கள். டி.சி.டி. அந்த 64 புள்ளிகளை 64 அலை எண்களாக மாற்றுகிறது. பெரும்பாலான கட்டங்களில் முதல் சில எண்கள்தான் பெரியவை, மற்றவை சுழிக்குப் பக்கத்தில். அவற்றை விட்டுவிட்டாலும் நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கூடவே, முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் அனுப்பும் முறையும் சேர்ந்தது. பேசுகிறவரின் வாயும் கையும் அசைகின்றன, பின்னாலிருக்கும் பீரோ அசைவதில்லை. பீரோவை ஏன் நொடிக்கு 30 தடவை அனுப்ப வேண்டும்?

இந்த இரண்டையும் வைத்து 1990-ல் ஹெச்.261 என்ற உலகப் பொதுவிதி வந்தது. வீடியோ கான்பரன்சிங் கருவிகள் ஒன்றோடொன்று பேச வழி செய்தது அதுதான். 2003-ல் வந்த ஹெச்.264 அந்த டி.சி.டி.யிலிருந்தே பிறந்த ஓர் எளிய கணக்கைப் பயன்படுத்தியது. நீங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் வளைகாப்பு போட்டோக்களும் டி.சி.டி.யின் தயவில்தான் வருகின்றன. 2021-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அகமதுவின் கதையைக் காட்டியது. அதே ஆண்டு ஜனவரியில்தான் கே.ஆர். ராவ் காலமானார்.

"இது ரொம்ப ஈசி டீச்சர், இதைப் போய் எழுதணுமா?" என்று வகுப்பில் கையைக் கீழே போட்ட பிள்ளைகளே, இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள்.

குரலுக்கு ஒரு கணக்கு

படம் கொஞ்சம் மங்கினாலும் கூட்டம் நடக்கும். குரல் கெட்டால் கூட்டம் முடிந்தது.

கோயில் திருவிழாவில் மைக் செட்காரர் மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே கொண்டுபோனால் "கூ..." என்று ஊளையிடுமே, அதே சிக்கல்தான் இங்கேயும். அமெரிக்காவில் இருப்பவர் பேசுகிறார். அவர் குரல் நம் அறை ஸ்பீக்கரில் வருகிறது. அது நம் மைக்கில் புகுந்து திரும்ப அமெரிக்கா போகிறது. அவர் பேசியதே அரை நொடி கழித்து அவர் காதில் விழுகிறது. மனிதனால் பேச முடியாது.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் மன்மோகன் சோந்தி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், நம் மக்கள் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இடத்தில், 1950-களின் தொடக்கத்தில் படித்தவர். பின்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1960-களில் அங்கே ஜான் கெல்லியும் இவரும் தானே கற்றுக்கொள்ளும் எதிரொலி நீக்கியை உருவாக்கினார்கள். கருவி ஸ்பீக்கருக்குப் போகும் குரலை முதலில் தெரிந்துவைத்துக்கொள்கிறது. அது இந்த அறையின் சுவர்களில் பட்டு மைக்குக்கு எப்படித் திரும்பும் என்று கணிக்கிறது. மைக்கில் வந்ததிலிருந்து அதைக் கழித்துவிடுகிறது. மிஞ்சுவது நம் குரல் மட்டும். அறை மாறினால் கணிப்பையும் மாற்றிக்கொள்கிறது. வெறும் கழித்தல் கணக்குத்தான், ஆனால் நொடிக்குப் பல்லாயிரம் தடவை.

பெரிய கூடத்திலிருந்து சின்ன அறைக்கு

1984-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.க்காரர்கள் தொடங்கிய பிக்சர்டெல், 1990-ல் தொடங்கிய பாலிகாம், நார்வேயின் டான்ட்பெர்க் ஆகியவை இந்தத் துறையின் பெரிய பெயர்கள். பாலிகாமின் மூன்று கால் ஸ்பீக்கர்போன் 1992-ல் வந்தது. மேசை நடுவில் நட்சத்திரமீன் மாதிரி உட்கார்ந்திருக்கும். நம்மூர் ஆலைகளின் போர்டு ரூமில் பார்த்திருப்பீர்கள்.

2005-ல் டெக்சாஸின் லைஃப்சைஸ் நிறுவனம் ஹெச்.டி. தரத்தில் அறைக் கருவியைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு சிஸ்கோ ஒரு முழு அறையையே விற்றது. மூன்று பெரிய திரை, அதற்கேற்ற மேசை, விளக்கு. விலை 2,99,000 டாலர். அன்றைய மதிப்பில் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல். எம்.டி.க்கும் டைரக்டருக்கும் மட்டுமான அறை அது. ஷிப்ட் சூப்பர்வைசருக்கு உள்ளே வேலை இல்லை.

பிறகு பத்தாண்டுக்குள் நிலைமை தலைகீழானது. செல்போனுக்காகக் கோடிக்கணக்கில் கேமராவும் சிப்பும் செய்ததால் அவற்றின் விலை விழுந்தது. தனி லைன் தேவையில்லை, சாதாரண இன்டர்நெட்டே போதும் என்றானது. 2011-ல் எரிக் யுவான் தொடங்கிய ஜூம் போன்றவை மென்பொருளிலேயே வேலையை முடித்தன. கோடி ரூபாய்க்கூடம் செய்த வேலையை ஒரு மேசைக் கருவி செய்யத் தொடங்கியது. நான்கு பேர் கூடும் சின்ன அறைக்கும் விசி வந்தது.

ஆனால் சின்ன அறைக்கு அதற்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. பெரிய கூடத்தில் கேமரா தூரத்தில் இருக்கும், எல்லோரும் தெரிவார்கள். சின்ன அறையில் கேமராவுக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும். நடுவில் இருப்பவர் தெரிவார், இரண்டு ஓரத்தில் இருப்பவர்களின் தோளும் காதும் மட்டும் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பெடுத்த எனக்கு இது புது விஷயமே இல்லை. முன் பெஞ்ச் தெரியும், ஓரத்துப் பிள்ளை தெரியாது.

அதற்காகத்தான் 120 டிகிரி அளவுக்கு அகலமாகப் பார்க்கும் லென்ஸ் வைத்தார்கள். அகல லென்ஸில் ஓரத்து முகம் இழுத்துப் பிடித்த மாதிரி கோணலாகும், அதை மென்பொருள் நிமிர்த்துகிறது. மைக்கும் ஒன்று அல்ல, வரிசையாகப் பல. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பக்கவாட்டிலிருந்து வரும் குரல் 10 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த மைக்கை அடைய பத்தாயிரத்தில் மூன்று பங்கு நொடி ஆகும். அந்தத் துளி வித்தியாசத்தை வைத்து, பேசுகிறவர் எந்த மூலையில் இருக்கிறார் என்று கருவி கண்டுபிடிக்கிறது. கேமரா அந்தப் பக்கம் கவனத்தைத் திருப்புகிறது. மெதுவாகப் பேசுகிறவரையும் அது தேடிப் பிடிக்கிறது. ஒன்று மட்டும் நீங்கள் செய்ய வேண்டும். சுற்றிலும் கண்ணாடிச் சுவர் என்றால் எந்தக் கணக்கும் திணறும். ஒரு பக்கமாவது திரைச்சீலை போடுங்கள்.

தேனியில் ஒரு சின்ன அறை

இதெல்லாம் கம்பெனி சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் தமிழ்நாட்டில் இதை ஏழைகளுக்குப் பயன்படுத்திய கதை ஒன்று உண்டு.

டாக்டர் வெங்கடசாமி ஓய்வுக்குப் பிறகு 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கிராமத்து மனிதர் கண்ணைக் காட்ட நகரத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். அதனால் போகவே மாட்டார். எனவே கிராமத்திலேயே சின்னதாகப் பார்வை மையம் திறந்தார்கள். பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார், டாக்டர் வீடியோவில் வந்து நோயாளியோடு பேசுவார்.

லைன்? அன்று கிராமத்தில் நல்ல இன்டர்நெட் ஏது? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் என்ற பேராசிரியரின் குழு தேனி அரவிந்த் மருத்துவமனையோடு சேர்ந்து வேலை செய்தது. வீட்டில் வைக்கும் வை-ஃபைதான். ஆனால் உயரத்தில் ஆன்டெனா வைத்து ஒன்றையொன்று நேராகப் பார்க்கச் செய்தார்கள். சாதாரண வை-ஃபை ஒவ்வொரு துண்டுச் செய்திக்கும் "வந்ததா, வந்ததா" என்று கேட்டுக் காத்திருக்கும், தூரம் கூடினால் காத்திருப்பதிலேயே நேரம் போய்விடும். அந்தப் பழக்கத்தை மாற்றி, "இப்போது நீ பேசு, அடுத்து நான்" என்று முறை வைத்தார்கள். 2006-ல் தேனி மருத்துவமனையும் ஐந்து பார்வை மையங்களும் அப்படி இணைந்திருந்தன. ஒரு கூலித்தொழிலாளி தன் ஊரிலேயே உட்கார்ந்து தேனி டாக்டரின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

நமக்குப் பக்கத்து சித்தூர் மாவட்டம் அரகொண்டாவில் அப்பல்லோ மருத்துவமனையின் தொலைமருத்துவ மையத்தை 2000 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் தொடங்கிவைத்தார். 2003 ஏப்ரலில் மகாராஷ்டிரா வழக்கு ஒன்றில், நியூயார்க்கில் இருக்கும் டாக்டரின் சாட்சியத்தை வீடியோ மூலம் பதிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேரில் இருப்பது என்ற சொல்லுக்கே அன்று பொருள் விரிந்தது.

பிறகு 2020 வந்தது

மார்ச் கடைசியில் எல்லையை மூடினார்கள். ஜூஜுவாடியில் இ-பாஸ் கேட்டு நின்ற வரிசை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அம்மா இந்தப் பக்கம், மகன் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி பொம்மசந்திராவில். பார்த்துக்கொள்வது போனில்தான். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் நம் ஊருக்கு எல்லை என்பது அதுவரை ஒரு லாரி நிறுத்துமிடம் மட்டுமே.

நான் அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டேன். தெருவில் பார்த்ததைச் சொல்கிறேன். பெரிய ஆபீசுகள் ஒரே வாரத்தில் வீடியோவுக்கு மாறின. தொழிலாளி வீட்டில் போன் ஒன்று. அது அப்பாவின் சட்டைப் பையில் ஷிப்டுக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகள் வாசலில். கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது, நல்ல முயற்சி. ஆனால் அதில் பாடம் இந்தப் பக்கம் வரும், பிள்ளையின் சந்தேகம் அந்தப் பக்கம் போகாது.

1975 ஆகஸ்டில் நாசாவின் செயற்கைக்கோளை ஓராண்டு இரவல் வாங்கி, நம் நாட்டில் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குப் பாடம் ஒளிபரப்பினார்கள். கர்நாடகத்தின் வடபகுதி இருந்தது, ஆந்திரா இருந்தது, தமிழ்நாடு இல்லை. உலகமே பாராட்டிய சோதனை அது. அதிலும் படம் ஒருவழிதான். 45 வருடம் கழித்தும் நம் பிள்ளைக்குக் கிடைத்தது அதே ஒருவழி. ஹெச்.டி. அறை இருந்தவர்களுக்கு மட்டும் இருவழி.

கடைசியில் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள்தான் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அவர்களில் என்னிடம் படித்த பெண்களும் உண்டு. அதில் எனக்குப் பெருமை.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். கம்பெனிகளில் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை விசி கருவிகளை மாற்றுகிறார்கள் என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். கழற்றியதில் பல நன்றாக வேலை செய்கின்றனவாம். உங்கள் மேனேஜரிடமும் சி.எஸ்.ஆர். பார்ப்பவரிடமும் பேசுங்கள். நம் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளின் தலைமை ஆசிரியரிடம் கேட்டு, இன்டர்நெட் வசதி இருக்கும் பள்ளியில் ஒன்று மாட்டிக் கொடுங்கள். மாட்டிவிட்டுப் போய்விடாமல், மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் உங்கள் ஆலையிலிருந்து பிள்ளைகளோடு பேசுங்கள். லேத்தைக் காட்டுங்கள், ரோபோவைக் காட்டுங்கள். டைட்டன் கடிகாரத்துக்குள் இருக்கும் பற்சக்கரத்தைக் காட்டுங்கள். நசீர் அகமது கதையைச் சொல்லுங்கள்.

பேசும்போது, ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை திரையில் தெரிகிறாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் கேமராவைத் திருப்பச் சொல்லுங்கள்.

யார் யாருக்கு இதில் உதவ முடியும் என்று கீழே எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளும் எழுதலாம், அந்த ஒரு மணி நேரத்துக்கு உங்களையும் கூப்பிடுவோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஜூஜுவாடி.